ஷூவுக்குள் வந்த பண்டிகை

என் கணவரின் அக்கா ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு திரும்பிவந்து எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டிக் குடியேறினார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். அங்கிருந்து கொண்டுவந்த காபி மெஷின் எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பைத் தாங்காமல் ஒரே மாதத்தில் நின்றுபோனது. குளிருக்குப் போடும் கோட்டுகள் பீரோவுக்குள் கிடந்தன. சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தது ஒரு பழக்கம் மட்டும்தான். அதை எங்கள் எல்லோர் தலையிலும் கட்டும்வரை அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் காலனி சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில் இருக்கிறது. பிரஸ் வைத்திருப்பவர்கள், பட்டாசுக் கம்பெனி மேனேஜர்கள், பேப்பர் வியாபாரிகள், பேங்க்காரர்கள் என்று கலந்து கட்டிய காலனி. பின்பக்கம் இன்னும் விற்காத மனைகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். நான் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறேன். அமாவாசை, சஷ்டி, பிரதோஷம், ரம்ஜான், புனித வெள்ளி என்று எந்த மதத்துப் பண்டிகையும் என் கண்ணைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும். அதனால் எனக்குத் தெரியாத பண்டிகை கிடையாது என்று ஒரு நினைப்பு இருந்தது. அதை மதினி ஒரே கேள்வியில் உடைத்தார்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, உம் மகளுக்கு நல்ல ஷூ இருக்கா?"

"ஸ்கூல் ஷூ இருக்கு மதினி. எதுக்கு?"

"நல்லா தொடச்சு பாலிஷ் போட்டு வையி. வர்ற வெள்ளிக்கிழம சாயங்காலம் வாசல்ல வைக்கணும்."

"ஷூ எப்பவும் வாசல்லதான மதினி கெடக்கு?"

மதினி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கெடக்குறது வேற, வைக்கிறது வேற."

பிறகு விளக்கினார். ஜெர்மனியில் கிறிஸ்மஸுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னால், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் தங்கள் ஷூவைத் துடைத்துக் கதவுக்கு வெளியே வைப்பார்களாம். ராத்திரியில் ஒரு தாடித் தாத்தா வந்து நல்ல பிள்ளையாக இருந்தால் ஆரஞ்சும் கொட்டையும் சாக்லேட்டும் போட்டுவிட்டுப் போவாராம். சேட்டை பண்ணின பிள்ளைக்கு ஒரு குச்சி. கிறிஸ்மஸ் அன்று கொடுப்பது பெரிய பரிசு, இது சின்னப் பரிசு. "பிள்ளைகளுக்கு ஆசையா காத்திருக்கப் பழகும் பாரு, அதுதான் இதுல விசயம்" என்றார்.

என் கணவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். "ஏன்க்கா, நமக்கு கிறிஸ்மஸே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு கிறிஸ்மஸா? எதிர்வீட்டு சிஸ்டர் கேக் குடுத்தா வாங்குவோம், தீவாளிக்கு நாம அதிரசம் குடுப்போம். அம்புட்டுதான இதுவரைக்கும் இருந்துச்சு?"

"ஒனக்கு எப்பவுமே வாய்தாம்லே" என்றார் மதினி. "இதுல மதம் எங்க வந்துச்சு? இது பிள்ளைகளோட மனவளர்ச்சி."

மனவளர்ச்சி என்ற சொல் வந்தபிறகு எங்கள் காலனியில் எந்தத் தாயும் எதிர்த்துப் பேசமாட்டாள். அந்தச் சொல்லை வைத்துத்தான் அபாகஸ் வந்தது, ஸ்கேட்டிங் வந்தது, வாராவாரம் கீபோர்டு சொல்லித்தர மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். இப்போது ஷூ வந்தது. மறுநாளே வாட்ஸ்அப்பில் 'லிட்டில் ஷூஸ்' என்று ஒரு குரூப். அதில் என்னைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டு ஹாலில் முதல் கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் அம்மாக்கள். முக்கு வீட்டு அக்காவும் வந்திருந்தார். பட்டாசுக் கம்பெனி மேனேஜரின் மனைவி. காலனிப் பிள்ளையார் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். எங்கள் எதிர்வீட்டு சிஸ்டரையும் மதினி வற்புறுத்தி அழைத்திருந்தார். சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ரெண்டு தெருவிலும் ஒரே கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையதுதான். முதல் நாள் நைட் டூட்டி பார்த்த களைப்பில், சோபாவில் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார்.

மதினி ஆரம்பித்தார். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுல ஷூ எந்த நேரத்துக்கு வைப்பீக?"

"எந்த ஷூ?" என்றார் சிஸ்டர்.

மதினி விளக்கம் சொன்னார்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு சின்னதா கிஃப்ட் குடுக்கிற பழக்கம் இருக்கும்ல?"

சிஸ்டர் யோசித்தார். "அப்படி ஒண்ணும் கெடயாதேக்கா. டிசம்பர் பொறந்ததும் ஸ்டார் கட்டுவோம். குடில் வைப்போம். கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது பஞ்சுத் தாடி ஒட்டிக்கிட்டு ஒரு தாத்தா ஆடிக்கிட்டு வருவாரு, ஆரஞ்சு மிட்டாய் வீசுவாரு. கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி, மட்டன். வேற என்ன?" பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "நர்ஸிங் ஹாஸ்டல்ல ஒண்ணு உண்டு. கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டும்போம். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு பேர எடுப்போம். யாரு பேரு வருதோ அவளுக்கு நாமதான் அம்மா. ஆனா சொல்லக் கூடாது. தலகாணிக்கு அடியில ஒரு பேனா, ஒரு ஹேர்பின், ரெண்டு கடலமிட்டாய்ன்னு தெரியாம வச்சுட்டுப் போகணும். கிறிஸ்மஸ் லீவுக்குக் கெளம்புற அன்னைக்குத்தான் யாரு நம்ம அம்மான்னு தெரியும். எனக்கு வந்தவ, என் யூனிபார்ம யாருக்கும் தெரியாம தொவச்சு அயர்ன் பண்ணி வைப்பா. கடைசியில பாத்தா, மெஸ்ஸுல தெனமும் எங்கூட சண்ட போட்டவ அவதான்."

சொல்லிவிட்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அது நன்றாகப் பட்டது. இதையே பிள்ளைகளுக்குச் செய்யலாமே என்று வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"அது ஹாஸ்டல் வெளையாட்டு சிஸ்டர். நான் கேக்குறது ஒரிஜினல்."

முக்கு வீட்டு அக்கா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். "உங்க பாரம்பரியத்த நீங்களே விட்டுட்டீகளே சிஸ்டர். பரவாயில்ல, இப்ப எங்க கூடச் சேந்து கத்துக்கோங்க."

"சரிக்கா" என்றார் சிஸ்டர். டீ வந்தது, குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கற்றுக்கொள்ள வேண்டியவர் போனபிறகு கற்றுத்தருகிறவர்களுக்குள் சண்டை தொடங்கியது. சண்டையை ஆரம்பித்ததும் முக்கு வீட்டு அக்காதான்.

"எல்லாம் சரி. ஆனா திங்கிற பொருள எப்படிச் செருப்புல வைக்கிறது? சாமி குடுக்கிறது..."

"சாமி இல்லக்கா, தாத்தா" என்றார் மதினி.

"எந்தத் தாத்தாவா இருந்தா என்ன? மிதிக்கிற பொருள்ல வச்சதப் பிள்ள வாயில வைக்குமா?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். காலில் போடாத புது ஷூ வாங்கி வைப்பது. புது ஷூவை முதலில் பூஜை அறையில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பிறகு வாசலுக்குக் கொண்டுபோனால் தோஷம் இல்லை என்று முக்கு வீட்டு அக்கா வழிசொன்னார். மதினிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் காலனியில் ஆள்பலம் அந்த அக்காவுக்கு. "நம்ம கலாசாரத்தோட கலந்துக்கிறது நல்லதுதான்" என்று மதினி விட்டுக்கொடுத்தார்.

அடுத்தது குச்சி. எந்தப் பிள்ளைக்குக் குச்சி வைப்பது? அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரின் பிள்ளைகளும் தங்கம். ஆனால் கூட்டம் முடிந்தபிறகு ரெண்டு பேர் தனித்தனியாக மதினியிடம் வந்து, இன்னார் வீட்டுப் பையனுக்குக் கண்டிப்பாகக் குச்சி வைக்க வேண்டும் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் பையனை. மதினி ராத்திரி குரூப்பில் அறிவித்தார்: எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக ஒரு பட்டைக் குச்சி வைக்கலாம், கண்டித்ததுபோலவும் இருக்கும், பிரியாணிக்கும் ஆகும்.

பட்டாசு ஷெட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சட்டம். நாள் முழுக்க வெறுங்காலில் நின்று வெடிமருந்து அடைக்கிறவர்களின் உழைப்பில் ஓடுகிற ஊர் இது. அந்த ஊரில் அந்த வாரம் முழுக்க ஷூ பேச்சாகவே இருந்தது. சிவகாசிக் கடைகளில் பள்ளிக்கூட சீசன் இல்லாத நேரத்தில் இப்படி ஒரு கூட்டம் எதற்கு வருகிறது என்று கடைக்காரர்களுக்குப் புரியவில்லை. பிள்ளையின் ஷூ அளவில் ரிமோட் கார் உள்ளே போகாது என்பதால் ஒரு வீட்டில் ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கினார்கள். இன்னொரு வீட்டில் அதுவும் பற்றாமல், மழைக்குப் போடும் முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸை அப்பாவின் அளவில் வாங்கிவந்தார்கள். "ஜெர்மனியில பூட்ஸுதான் வைப்பாங்களாம்" என்று அந்த அம்மா குரூப்பில் போட்டோ போட்டார். மதினியை விட அதிகம் தெரிந்தவர் ஆகிவிட்டார்.

நான் மட்டும் என்ன? பிரஸ்ஸில் டிசம்பர் என்பது தலைபோகிற மாதம். சாப்பிட நேரமில்லாமல் ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரம். வீட்டில் இந்தக் கூத்தையெல்லாம் கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் கால்கள் தானாகக் கடைத்தெருவுக்குப் போயின. ஒரு ஆரஞ்சு, ஒரு கலர் பென்சில் பெட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஒரு குட்டி டார்ச். ஷூவும் வாங்கினேன். பையோடு வந்த என்னைக் கணவர் பார்த்தார்.

"நீயுமா?"

"எல்லாப் பிள்ளைக்கும் கெடச்சு நம்ம பிள்ளைக்கு மட்டும் கெடைக்கலன்னா?"

"அதுதான். ஊரே இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்" என்றார். ஆரஞ்சைச் சின்னதாக வாங்கிவிட்டதாக அவரே குறையும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலனி ஜெகஜோதியாக இருந்தது. கார்த்திகை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. மிச்சமிருந்த அகல்விளக்குகளை ஷூக்களுக்கு ரெண்டு பக்கமும் ஏற்றிவைத்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் குங்குமப் பொட்டு வைத்த ஷூ. சில வீடுகளில் சுற்றிக் கோலம். முக்கு வீட்டு அக்கா ஷூவின் நாடாவில் ஒரு துண்டு மல்லிகைப்பூவும் சுற்றியிருந்தார். பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் அடுத்தவர் ஷூவை அளந்து பார்த்தார்கள். மதினி மகன் மட்டும் அம்மாவிடம், "அங்க நாம பழைய ஷூதான வச்சோம்?" என்று கேட்டான். "சும்மா இரு" என்றார் மதினி.

என் மகள் தன் ஷூவை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "தாத்தா கிறிஸ்டியன்தான? மொதல்ல சிஸ்டர் வீட்டுக்குத்தான் வருவாரு. அங்கருந்து பாத்தா நம்ம ஷூ தெரியணும்ல?" என்றாள். சிஸ்டர் வீட்டு வாசலில் வழக்கமாகக் கிடக்கும் ரெண்டு ஜோடி ரப்பர் செருப்புகள் வழக்கம்போலக் கிடந்தன. கிடந்தன, அவ்வளவுதான்; யாரும் வைக்கவில்லை.

பிள்ளைகள் தூங்கியதும் அவரவர் வேலையை அவரவர் முடித்தோம். எல்லோரும் ஆரஞ்சோடு நிறுத்தவில்லை. பூட்ஸ் வீட்டு அம்மாவின் மகன் முட்டை பப்ஸைத் தவிர எதையும் சாப்பிட மாட்டான் என்பதால் பூட்ஸுக்குள் நாலு முட்டை பப்ஸ் இறங்கியது. வேறொரு வீட்டில் பேக்கரி நெய் பிஸ்கட். மதினி வீட்டில் ஜெர்மனியிலிருந்து யாரோ அனுப்பிய கேக். எங்கள் தெரு நாய்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாருமே பேசவில்லை என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

காலையில் பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் நேரம். மதினியின் அலறல் அடுத்த தெருவிலிருந்து எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் வெளியே ஓடிவந்தேன். எங்கள் வாசலில் ஒற்றை ஷூ. கடலைமிட்டாய் கவரின் பாதி. தெருவில் எங்கு பார்த்தாலும் கவிழ்ந்த அகல்விளக்குகள், ஆரஞ்சுகள், பட்டைக் குச்சிகள். நாய்கள் பப்ஸைத் தின்றுவிட்டு பூட்ஸைக் காலி மனைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கடித்துக்கொண்டிருந்தன. மற்ற ஷூக்களும் சீமைக்கருவேலத்துக்குள் ஆங்காங்கே தெரிந்தன.

பிள்ளைகள் எழுவதற்குள் எல்லாவற்றையும் மீட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும் என்று காலனி அம்மாக்கள் அத்தனை பேரும் நைட்டியோடு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, புதருக்குள் இறங்கினோம். அவசரத்தில் மதினி செருப்பு போட மறந்திருந்தார். பத்தடி போவதற்குள் ஒரு முள் அவர் பாதத்தில் ஆழமாக ஏறியது. "அய்யோ அம்மா" என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூப்பாட்டில் ஜெர்மனி துளியும் இல்லை.

அந்த நேரத்தில்தான் வேன்கள் வந்தன. ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் எங்கள் காலனி முக்கில்தான் திரும்பும். முதல் வேன் முக்குக்கு வந்ததும் சடன் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்தார். வேனுக்குள்ளிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து எட்டிப்பார்த்தார்கள். மூன்று ரோடு கூடும் இடத்தின் நட்ட நடுவில் ஒரு புது ஷூ. அதில் மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ. பக்கத்தில் நசுங்கிய ஆரஞ்சு. ஒரு உடைந்த அகல்விளக்கு.

"ஆத்தாடி" என்றது வேனுக்குள் ஒரு குரல். "யாரோ திருஷ்டிக்குக் கழிப்பு கழிச்சுப் போட்டிருக்காக."

"கழிப்பு இல்லடி, செய்வினை. ஒத்தச் செருப்புப் பாரு. கொழந்தச் செருப்பு."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "நான் இதுமேல வண்டிய ஏத்த மாட்டேன்த்தா. பிள்ளகுட்டிக்காரன்."

பின்னால் ரெண்டாவது வேன் வந்து நின்றது, மூன்றாவதும் வந்தது. ஹாரன் சத்தத்தில் வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பித்தது. பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். புதருக்குள்ளிருந்து நாங்கள் ஒவ்வொருவராக, கையில் ஆளுக்கொரு ஷூவோடு, வெளியே வந்தோம். எங்களைப் பார்த்ததும் வேன் பெண்கள் இன்னும் பயந்துபோனார்கள்.

முக்கு வீட்டு அக்கா ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார். அது அவர் வீட்டு ஷூ. மல்லிகைப்பூ வேறு யாரும் வைக்கவில்லை. கடைசியில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்த மதினிதான் பேசினார்.

"ஒண்ணுமில்லண்ணே. பயப்படாதீக. இது பிள்ளைகளுக்காக நாங்க வச்சது. ஜெர்மனி வழக்கம்."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அங்கனயும் செய்வினை உண்டா?"

"செய்வினை இல்லண்ணே! கிஃப்ட்!"

"கிஃப்ட்ட எதுக்கு ஷூவுல வைக்கீக? கையில குடுக்க வேண்டியதுதான?"

மதினி, பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பழகும் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். மூன்று வேன் ஆட்களும் உண்மையிலேயே காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். டிரைவரின் போன் விடாமல் அடித்தது. "கம்பெனியிலருந்து கூப்பிடுறாக, நான் என்னத்தச் சொல்ல? மேனேஜர் வீட்டு வாசல்லயே செய்வினை கெடக்குன்னா?" என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டதும், மேனேஜரின் மனைவி வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

நைட் டூட்டி முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய சிஸ்டர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து ஷூவைக் கையில் எடுத்தார். ஆரஞ்சையும் விளக்குத் துண்டையும் அதற்குள் போட்டு ஓரமாக வைத்தார்.

"போங்கண்ணே. ஒண்ணும் இல்ல."

டிரைவர் சிஸ்டர் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நீங்க வேதக்காரக. உங்கள ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி வண்டியை எடுத்தார். வேன் நகரும்போது ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் எங்களிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். "எக்கா, ராத்திரி செருப்ப உள்ள எடுத்து வச்சிருங்க. எங்க தெரு நாயும் இப்படித்தான்."

சிஸ்டர் மதினியைத் தன் வீட்டுப் படியில் உட்காரவைத்து முள்ளை எடுத்தார். அது உள்ளே ஒடிந்திருந்தது. மதினி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். "அக்கா, ஒரிஜினல்லயும் இப்படித்தான் முள்ளு குத்துமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதினி அன்றிலிருந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முள்ளை எடுத்துக்கொண்டிருந்ததால் சிஸ்டரிடம் கோபப்பட முடியவில்லை. அந்தப் பங்கும் எனக்கே வந்தது.

இவ்வளவு நேரமும் பிள்ளைகள் மாடி பால்கனிகளில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தத்துக்கு எழாத பிள்ளை உண்டா? எங்கள் ரகசியம் எல்லாம் தெருவிலேயே உடைந்து கிடந்தது. நான் வீட்டுக்குள் போனபோது என் மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று படியேறும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். தாத்தா வந்திருப்பார், நாய் துரத்தியிருக்கும் என்று ஒரு கதைகூடத் தயாராக இருந்தது.

"அம்மா, நீதான வச்ச?"

"ஆமா" என்றேன். கதை வாயில் வரவில்லை.

"சரி" என்றாள். "அப்ப அடுத்த வருசம் எனக்கு என்ன வேணும்னு ஒங்கிட்டயே சொல்லிரலாம். டார்ச் வேண்டாம்."

அழுகையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. மதினி மகனும் அப்படித்தானாம். அவனுக்கு அங்கே இருக்கும்போதே தெரியுமாம். அம்மா சந்தோசப்படுகிறாரே என்று சும்மா இருந்தானாம். பிள்ளைகளின் மனவளர்ச்சி எங்களை விட நன்றாகவே இருந்திருக்கிறது.

அந்த வாரம் காலனிக்குப் பூக்காரம்மா வரவில்லை. ரெண்டு வீடுகளில் வேலைக்கு வருகிறவர்கள் மேலுக்குச் சுகமில்லை என்று சொல்லி நின்றுகொண்டார்கள். திருத்தங்கல் டீக்கடையில் என் கணவர் கேட்ட கதைப்படி, எங்கள் காலனியில் ஒரு பிள்ளைக்குப் பேய் பிடித்திருந்தது, வெளிநாட்டு மந்திரவாதி ஒருவர் வந்து எடுத்தார். முக்கு வீட்டு அக்கா ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கார் எடுத்துக்கொண்டு இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தார். தன் கையால் வைத்த குங்குமத்துக்குத் தானே பரிகாரம் செய்துகொண்டு வந்தவர், காலனி முழுக்கத் திருநீறும் கொடுத்தார். நானும் வாங்கிப் பூசிக்கொண்டேன். மறுத்தால் வேறு கதை கிளம்பும்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் சிஸ்டர் வீட்டுக்குக் கேரல் வந்தது. டிரம் சத்தம் கேட்டதும் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே போய்விட்டார்கள். பஞ்சுத் தாடி வைத்த தாத்தா வியர்க்க வியர்க்க ஆடினார். ஆரஞ்சு மிட்டாயை அள்ளி வீசினார். பப்ஸ் மட்டும் தின்னும் பையன் மண்ணில் விழுந்த மிட்டாயைப் பொறுக்கித் துடைத்து வாயில் போட்டதை அவன் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். என் மகள் ரெண்டு கை நிறைய மிட்டாயோடு வந்து, "இந்தத் தாத்தாவுக்கு ஷூவே இல்லம்மா, ரப்பர் செருப்பு" என்றாள். அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இத்தோடு விட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருமுறை நடந்துவிட்டால் அது வழக்கம். ரெண்டாம் முறை நடந்தால் அதற்குச் சங்கம் வந்துவிடும். அடுத்த டிசம்பரில் காலனிச் சங்கமே ஷூ விழாவை எடுத்துக்கொண்டது. வாசலில் வைத்தால்தானே நாய் வரும்? பிள்ளையார் கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, நீளமாக மேசை போட்டு, அத்தனை ஷூக்களையும் அதன்மேல் வரிசையாக வைத்தார்கள். மஞ்சள் குங்குமம் கிடையாது என்று தீர்மானமே போட்டார்கள். பரிசுகளை அப்பாக்கள் எல்லோர் முன்னாலும் மைக்கில் பேர் சொல்லிச் சொல்லி ஷூக்களில் போட்டார்கள். ரகசியம், காத்திருப்பு எதுவும் இல்லாமல், பேர் சொல்லும்போது கைதட்டல் மட்டும். சிறப்பு விருந்தினராக வந்தவர் பிள்ளைகளுக்கு எளிமையைக் கற்றுத்தர வேண்டியதன் அவசியம் பற்றி, டீ ஆறிப்போகும்வரை பேசினார். நமது மண்ணின் பாரம்பரியத்தை மறக்கக்கூடாது என்று முடித்தார். எந்த மண் என்று அவர் சொல்லவில்லை. மதினி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சிறந்த அலங்கார ஷூவுக்குப் போட்டியும் உண்டு. நடுவராக சிஸ்டரைப் போட்டிருந்தார்கள், வேதக்காரர் என்ற தகுதியில். சிஸ்டர் ஒவ்வொரு ஷூவாகக் கையில் எடுத்து, நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொஞ்சமும் தயங்காமல் முதல் பரிசைப் பஞ்சுத் தாடி ஒட்டிய ஒரு ஷூவுக்குக் கொடுத்தார். அது அவர் மகளுடையது. கூட்டம் முணுமுணுத்தது. முக்கு வீட்டு அக்கா எழுந்தே விட்டார். சிஸ்டர் மைக்கை வாங்கி, "எங்க பாரம்பரியம், எங்களுக்குத்தான தெரியும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனார்.

என் மகளுக்கு ஆறுதல் பரிசு. அவள் என்னிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த கதைப்புத்தகம் ஷூவுக்குள் வந்துவிட்டதால் ஆறுதல் பரிசைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. அது என்னவென்று நாங்கள்தான் பிரித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக்கில் நாலு தட்டு வைத்த செருப்பு ஸ்டாண்ட். அதைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த என் கணவர், வாசலில் இடம் பார்த்தார். வைத்தால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் அடுப்படி மூலையில் நிறுத்தினார். அளவெடுத்துச் செய்ததுபோல அங்கே பொருந்தியது. மேல் ரெண்டு தட்டில் சின்ன வெங்காயமும் கீழே உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறேன். காற்றோட்டமாக இருப்பதால் சீக்கிரம் அழுகுவதில்லை.